மாடல் ரயிலுக்கு நிலக்காட்சி: குமரி மாவட்டத்து வீடுகளில் எழும் கேள்விகள்

டிராக் போட்டு என்ஜின் ஓடத் தொடங்கியதும் பெரும்பாலான லேஅவுட்டுகள் (மாடல் ரயில் ஓடும் மேஜை அமைப்புகள்) அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. மேலே தண்டவாளம், கீழே வெறும் பிளைவுட். மலை, வயல், மரம், குளம் எல்லாம் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போகும். அதற்குள் வீட்டில் ஒரு கல்யாணம் வரும், ஒருவர் ஆஸ்பத்திரியில் படுப்பார், ஐப்பசி மழை கூரையில் ஓட்டையைக் கண்டுபிடிக்கும். நாகர்கோவில், இரணியல், மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்களும், மாடல் ரயிலில் புதிதாக ஆர்வம் வந்த பிள்ளைகளும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் நம் ஊர் ஈரத்தையும் காற்றையும் வீட்டு நடப்பையும் மனதில் வைத்து எழுதியவை.

சீனரி, அதாவது நிலக்காட்சி, அவசியமா? ரயில் ஓடினால் போதாதா?

ஓட்டம் மட்டும் பிடிக்கும் என்றால் போதும், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ரயில் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டுமானால் சுற்றிலும் ஒரு ஊர் வேண்டும். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே வரிசையாகக் காற்றாலைகள் தெரிந்தால்தான் "ஊர் வந்தாச்சு" என்று நமக்குத் தோன்றும். அந்த உணர்வை மேஜை மேல் கொண்டுவரும் வேலைதான் சீனரி.

எந்த ஸ்கேல் எடுப்பது? எங்கள் வீட்டில் இடம் குறைவு.

ஸ்கேல் என்றால் நிஜ ரயிலை எவ்வளவு சுருக்குகிறோம் என்ற கணக்கு. நம்மிடையே அதிகம் புழங்குவது எச்ஓ (HO). நிஜ அளவில் 87-ல் ஒரு பங்கு. இதைவிடச் சிறியது ‘என்’ (N) ஸ்கேல், 160-ல் ஒரு பங்கு. எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்; ‘என்’ ஸ்கேலில் 9 மில்லிமீட்டர்.

இடக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். எக்ஸ்பிரஸ் ரயில்களில் வரும் எல்எச்பி வகைப் பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 23.5 மீட்டர். எச்ஓவில் அது 27 சென்டிமீட்டர். 24 பெட்டி வைத்து முழு எக்ஸ்பிரஸ் ஓட்ட நினைத்தால் ரயில் மட்டுமே ஆறரை மீட்டர் போகும். நம் வீட்டு முன்னறை அதற்குப் போதாது. நான்கு பெட்டி பாசஞ்சர் என்றால் என்ஜினோடு சேர்த்து ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். வளைவின் ஆரம் குறைந்தது 46 சென்டிமீட்டர் வேண்டும். நீளமான பெட்டிகள் அழகாகத் திரும்ப 60-க்கு மேல் இருந்தால் நல்லது.

வட்டமாகச் சுற்றி வர இடமில்லையா? சுவரோரம் ஒரு அடி அகலத்தில் ஒரு பலகை அடித்து, ஒரு முனையில் ஒரு நிலையம் வையுங்கள். கன்னியாகுமரியே தண்டவாளம் முடிகிற நிலையம்தானே. ரயில் வரும், நிற்கும், திரும்பிப் போகும். மறுமுனையில் ஒரு திரையோ மரக்கூட்டமோ வைத்து அதற்குப் பின்னால் ரயிலை மறைத்து நிறுத்திவிடலாம். இந்த அமைப்பில் சீனரி செய்ய வேண்டிய பரப்பும் குறைவு. வேலை நடுவில் நின்றுபோகும் வீடுகளுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு ஒன்று. நம்முடைய பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். அதைச் சரியாகச் சுருக்கினால் எச்ஓவில் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் டிராக் வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜுக்கானது. நம் ரயிலை அதன் மேல் வைத்தால் தண்டவாளம் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். பெரும்பாலோர் இதை ஏற்றுக்கொண்டு போகிறார்கள்; நானும் அப்படித்தான்.

தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டில் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

இதுதான் எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி. கேட்பவர்கள் தங்களிடம் உறுதி போதவில்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலையைப் பிரித்திருக்கும் விதத்தில்தான் சிக்கல். ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய பெரிய வேலையாகச் சீனரியை வைத்துக்கொண்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கே அது செத்துப்போகும். எந்த இடத்திலும் நிறுத்தலாம், எந்த இடத்திலும் எடுக்கலாம் என்ற மாதிரி வேலையை வெட்டி வைக்க வேண்டும்.

நான் வேலையை மூன்றாகப் பிரிக்கிறேன். முதலாவது ஈர வேலை: பிளாஸ்டர் பூசுவது, பசை ஊற்றுவது, குளத்துத் தண்ணீருக்கு ரெசின் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் திரவம்) ஊற்றுவது. இதற்குத் தொடர்ச்சியாக இரண்டு மணி நேரமும், காய்ந்த வானமும், கூப்பிடாத போனும் வேண்டும். எல்லாம் ஒன்றாக அமையும் நாள் அரிது. அதனால் ஈர வேலையை எப்போதும் சிறிய அளவில், ஒரு தட்டின் அகலத்துக்கு மட்டும் எடுங்கள்.

இரண்டாவது உலர் வேலை: சலிப்பது, வெட்டுவது, வண்ணம் தேய்ப்பது, காய்ந்த மரத்தை நடுவது. அரை மணி நேரம் கிடைத்தால் போதும். பாதியில் எழுந்தாலும் எதுவும் கெடாது.

மூன்றாவது, மடியில் வைத்துச் செய்யும் வேலை. கம்பி முறுக்கித் தென்னைக்குத் தடி செய்வது, காகிதத்தில் ஓலை நறுக்குவது, வாழையிலைக்கு நடு நரம்பு மடிப்பது. இதற்கு மேஜை வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஒரு பிஸ்கட் டப்பாவில் கம்பி, நூல், சின்னக் கத்தரி, பச்சைக் காகிதம் போட்டு வைத்தால் எங்கேயும் எடுத்துப் போகலாம். அப்பாவோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த நாட்களில் இந்த டப்பா என் பையிலேயே இருந்தது. டோக்கன் கூப்பிடும் வரை ஓலை நறுக்குவேன். அப்பாவும் ஒன்றிரண்டு வாங்கிப் பார்த்து, "கீழ் மட்டை தொங்கணும்டே, எல்லாம் நட்டமா நின்னா அது கன்னுத்தென்னை" என்று திருத்துவார். எங்கள் லேஅவுட்டின் நல்ல தென்னைகள் அவை.

அப்புறம், சீனரியை நேரடியாகப் பெரிய மேஜை மேல் கட்ட வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தக அளவு சன்போர்டிலோ (பிளாஸ்டிக் நுரைப் பலகை) தெர்மாகோல் துண்டிலோ தனித்தனியாகச் செய்து, முடிந்ததை இடத்தில் பொருத்துங்கள். விருந்தாளி வந்து அந்த அறையில் படுக்க வேண்டுமென்றால் துண்டை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடலாம். இணைப்பு தெரியுமே என்பார்கள். வயல் வரப்பு, வேலி, சாலை ஓரம், ஓடைக் கரை இவற்றில் இணைப்பை விழவைத்தால் யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதி வையுங்கள்: எந்த வண்ணத்தில் எவ்வளவு கலந்தது, எது வரை முடிந்தது, அடுத்து என்ன. நாலு மாதம் கழித்து எடுக்கும்போது அந்தச் செம்மண் நிறம் எப்படி வந்தது என்று மூளையைக் கசக்க வேண்டியிருக்காது.

எந்த இடத்தைச் செய்வது? ஆல்ப்ஸ் மலை மாதிரிதான் எல்லாரும் செய்கிறார்கள்.

பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் படங்கள் ஐரோப்பாவைக் காட்டுவதால் அப்படி ஆகிறது. ஊசியிலை மரமும் பனி மலையும் ஆயத்தமாகக் கிடைக்கும், ஆனால் விலை அதிகம். நம் மாவட்டத்தைச் செய்தால் பொருள் வீட்டைச் சுற்றியே கிடைக்கிறது. சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம். அதனால்தான் நான் விடாமல் இதையே சொல்லி வருகிறேன்.

நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் கிழக்கும் மேற்கும் ஒன்றில்லை. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் வறண்ட தரை, பனை, பாறை மலை, காற்றாலை. சுசீந்திரம் சுற்றிலும் நாஞ்சில் நாட்டு நெல் வயல், குளம், குளத்தில் தாமரை. இரணியலைத் தாண்டி குழித்துறை நோக்கிப் போனால் செம்மண் மேடு, அதை வெட்டிப் போட்ட பாதை, இரு புறமும் தென்னை விளை (தோப்பு), ரப்பர், மரச்சீனி, ஓட்டு வீடு. இதில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு பலகையில் எல்லாவற்றையும் அடைத்தால் பொருட்காட்சி மாதிரி ஆகிவிடும்.

முதல் முறை செய்பவருக்கு என் தேர்வு, செம்மண் வெட்டுப் பாதை. இரு பக்கமும் மேடு உயர்ந்து நிற்பதால் பின்னணி வரைய வேண்டியதில்லை, வீடுகளும் அதிகம் வேண்டாம். ரயில் அந்த மேட்டுக்குள் நுழைந்து மறைவதே பார்க்க நன்றாக இருக்கும். 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றது நினைவிருக்கும். அந்த மேடுகள் மழையில் எப்படி அரிக்கும், எந்தக் கோணத்தில் இறங்கும் என்று பார்த்து வைத்தவர்களுக்குச் சரிவு சரியாக அமையும். மேலே கருஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள் கலந்த சிவப்பு, அடியில் சில இடங்களில் வெளிறிய நிறம் என்று அடுக்காகப் பூசுங்கள். ஒரே சிவப்பாகப் பூசினால் பொய்யாகத் தெரியும்.

மாதமும் முடிவு செய்ய வேண்டுமா?

கட்டாயம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். ஆனி, ஆடியில் செய்வதாக வைத்துக்கொண்டால் கன்னிப்பூப் பயிர் பச்சையாக நிற்கும், கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுற்றும், மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கும், ரப்பர் முழு இலையோடு இருக்கும். தையில் என்றால் கும்பப்பூ முற்றி மஞ்சள் பிடித்திருக்கும். ரப்பர் இலை செம்பு நிறமாகி உதிர்ந்து, கீழே சருகு மூடியிருக்கும். உதிர்ந்த ரப்பர் விளைக்குப் பக்கத்தில் ஆடி மாதத்துப் பச்சைப் பயிர் வைத்தால், பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று நம் ஊர்க்காரர் கண்ணுக்குப் பட்டுவிடும்.

மலையையும் மேட்டையும் எதில் செய்வது?

தெர்மாகோல் அடுக்கி ஒட்டி, கத்தியால் செதுக்கி, மேலே செய்தித்தாள் கீற்றுகளைப் பசையில் நனைத்து இரண்டு அடுக்கு ஒட்டி, அதற்கு மேல் மெலிதாகப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். இது போதும். ஸ்ப்ரே பெயின்டும் தின்னரும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். தண்ணீரில் கலக்கும் வண்ணம் மட்டும் பயன்படுத்துங்கள். காகிதம் ஒட்ட மைதாப் பசை வேண்டாம், கரப்பானும் எறும்பும் தேடி வரும். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்தால் சரி.

பிளாஸ்டர் பாக்கெட்டைத் திறந்த அன்றே மூடி இறுகிய டப்பாவுக்கு மாற்றுங்கள். நம் ஊர் ஈரக் காற்றை உறிஞ்சிய பழைய பிளாஸ்டர் சரியாக இறுகாது, உதிரும்.

மேல் மண்ணுக்கு விளையிலிருந்தே மண் எடுக்கலாம். வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒரு பழைய வாணலியில் வறுத்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து வையுங்கள். வறுப்பதால் பூச்சி முட்டையும் பூஞ்சையும் போய்விடும். பசை பட்டதும் மண் நிறம் ஒரு படி கருக்கும். வேண்டியதைவிடக் கொஞ்சம் வெளிறிய மண்ணாகத் தேர்ந்தெடுங்கள்.

கடற்கரை மணலை ஜல்லியாகப் போடலாமா? மணவாளக்குறிச்சிப் பக்கம் அழகான மணல் இருக்கிறதே.

வேண்டாம். மூன்று காரணம். உப்பு: தண்டவாளத்தையும் சக்கரத்தையும் அரிக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து வைக்கும். இரண்டாவது, நம் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் மாதிரி காந்தம் இழுக்கும் தாதுக்கள் கலந்திருக்கின்றன. என்ஜின் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. உதிர்ந்த துகள் உள்ளே போய் ஒட்டினால் மோட்டார் கெடும். மூன்றாவது, அதில் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட் தாதுவும் உண்டு. மத்திய அரசின் அரிய மணல் ஆலை மணவாளக்குறிச்சியில் இயங்குவதே இந்தத் தாதுக்களுக்காகத்தான். அந்த மணலை அள்ளுவதற்குச் சட்டக் கட்டுப்பாடும் இருக்கிறது, குழந்தைகள் கை வைக்கும் மேஜைக்கும் அது ஏற்றதில்லை.

அப்படியானால் ஜல்லிக்கு என்ன?

எம்-சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணல். எங்கே வீடு கட்டினாலும் வாசலில் குவிந்திருக்கும். கேட்டு ஒரு டம்ளர் வாங்கினால் போதும். நிஜ ரயில் பாதையில் ஜல்லி அதிகபட்சம் 65 மில்லிமீட்டர். எச்ஓவில் அது முக்கால் மில்லிமீட்டர்தான். கடையில் "ஜல்லி" என்று விற்கும் பல பொருள்கள் இந்த அளவுக்குப் பெரிது. ரவை சல்லடையில் ஒரு முறை சலித்து, விழுந்ததை டீ வடிகட்டியில் இன்னொரு முறை சலித்து மாவுத் தூசியை நீக்குங்கள். நடுவில் தங்குவதுதான் உங்களுக்கு வேண்டியது. கழுவிக் காயவைத்து, ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். ஒட்டுவதை நீக்கிவிடுங்கள்.

ரயில் பாதையில் இறங்கி ஜல்லி பொறுக்கவோ அளவெடுக்கவோ போகாதீர்கள். ரயில்வே சட்டம் 1989-ன் 147-வது பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம். ஆபத்து அதைவிடப் பெரிது. லெவல் கிராசிங்கில் நின்றோ பிளாட்பாரத்தில் நின்றோ பார்த்தாலே போதுமான அளவு தெரியும்.

ஜல்லியை ஒட்டும்போது பசை ஊற்றியதும் எல்லாம் மிதந்து கலைகிறது.

முதலில் நனைக்க வேண்டும். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, சென்ட் பாட்டில் ஸ்ப்ரேயால் மேலிருந்து பூவாகத் தெளியுங்கள். ஜல்லி முழுக்க நனைந்தபின், ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் கலந்து, மருந்து டிராப்பரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பசை தானாக உள்ளே இறங்கும். பாயிண்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) வரும் இடத்தில் அசையும் பகுதிக்கு ஒரு விரல் தூரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். அங்கே பசை போனால் பாயிண்ட் இறுகிவிடும்.

தென்னை எப்படிச் செய்வது? எவ்வளவு உயரம்?

நெடுந்தென்னை 20 மீட்டர் உயரும். எச்ஓவில் 23 சென்டிமீட்டர். பலர் விரல் நீளத்துக்குச் செய்துவிட்டு, ரயில் பெரிதாகத் தெரிகிறது என்கிறார்கள். ரயில் பெட்டியைவிடத் தென்னை பல மடங்கு உயரம் என்பதை மறக்க வேண்டாம்.

தடிக்குக் கட்டுக்கம்பி இரண்டை முறுக்கி, மேலே நூல் சுற்றி, பசை தடவி, சலித்து ஒதுக்கிய எம்-சாண்ட் தூசியில் உருட்டுங்கள். அடி கொஞ்சம் பருமன், மேலே போகப் போகச் சன்னம். நேராக நிறுத்தாதீர்கள், தென்னை வெளிச்சத்தைத் தேடிச் சாயும், குளத்துக்கரைத் தென்னை தண்ணீரைப் பார்த்துச் சாயும். ஓலை ஒன்று 5 மீட்டர், அதாவது 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெல்லிய செம்புக்கம்பியை நடுவில் வைத்துப் பச்சைக் காகிதத்தை மடித்து ஒட்டி, இரு புறமும் சாய்வாக நறுக்கினால் ஓலை. ஒரு மரத்துக்கு இருபது, இருபத்தைந்து வேண்டும். மேலே நாலைந்து நட்டமாக, நடுவில் பக்கவாட்டில், கீழே தொங்கலாக. கடைசி இரண்டைப் பழுப்பாக்குங்கள். தேங்காய்க்குச் சின்னப் பாசிமணி.

வாழைக்கும் இதே காகிதம்தான், மூன்று மீட்டர் மரம் மூன்றரை சென்டிமீட்டர் வரும். இலை ஓரங்களைக் கிழித்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் கிழியாத வாழையிலை கிடையாது.

ரப்பர் தோட்டம்?

எனக்குப் பிடித்த பகுதி இது. ரப்பரை அழகாக்குவது வரிசை. மரத்துக்கு மரம் சுமார் 5 மீட்டர் வைத்தால் எச்ஓவில் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். ரயில் நகரும்போது இந்த வரிசைகள் திறந்து திறந்து மூடும், அதற்காகவே செய்யலாம்.

தடிக்கு ஓலை ஈர்க்கு நன்றாக அமையும். நன்கு காய்ந்ததாக எடுங்கள். வெளிறிய சாம்பல் நிறம் பூசி, ஆள் நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டரில், சாய்வாக ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். அதுதான் பால்வெட்டுப் பட்டை. கோட்டின் கீழ் முனையில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தால் பால் வடியும் சிரட்டை. மழை மாதம் என்றால் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருப்பார்கள். பால் பாக்கெட் உறையில் நகக்கண் அளவு வெட்டி ஒட்டினால் அது ரப்பர் விளை என்று பேச்சிப்பாறைக்காரர் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

இலைக்கு: தேங்காய்த் தொண்டின் நாரைப் பிரித்து மெல்லிய பந்தாக்கி, பசை தெளித்து, பச்சை ஸ்பஞ்சுத் தூள் தூவுங்கள். ஸ்பஞ்சுத் தூளுக்குப் பழைய பஞ்சைச் சிறிதாக வெட்டி, வண்ணத்தில் ஊறவைத்து, காயவைத்து, மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க வேண்டும். இதற்குத் தனி ஜார் வைத்துக்கொள்ளுங்கள், சமையல் ஜார் வேண்டாம். எல்லா மரத்தையும் முழுதாகச் செய்ய வேண்டியதில்லை. முன் இரண்டு வரிசை மட்டும் முழு மரம். பின்னால் தடி மட்டும் நட்டு, மேலே ஒரே கூரையாக நாரைப் பரப்பினால் போதும். கீழே புல் வேண்டாம், நிழலில் சருகுதான் கிடக்கும். காய்ந்த தேயிலைச் சண்டு அதற்குப் பொருந்தும்.

குளத்துக்கு ரெசின் ஊற்றினேன், மேலே பால் மாதிரி மங்கிவிட்டது.

ஈரக் காற்று. எபாக்ஸி ரெசின் இறுகும்போது காற்றில் ஈரம் அதிகமானால் மேற்பரப்பு மங்கும். மாசி, பங்குனியில் காலை வெயில் ஏறியபின் ஊற்றுங்கள். ஒரு முறைக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மங்கியது மேலோட்டமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, ஒரு பூச்சு பளபளப்பு வார்னிஷ் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். ரெசினே இல்லாமலும் குளம் செய்யலாம்: அடியில் கரும்பச்சையும் சேற்று நிறமும் பூசி, நாலைந்து முறை வார்னிஷ். நம் குளங்கள் ஆழம் தெரியாத நிறம், பாதிக்குத் தாமரை இலை. இந்த முறையே போதும் என்பது என் எண்ணம்.

மழைக்காலத்தில் எதுவும் காய்வதில்லை. ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டுமா?

நமக்கு இரண்டு பருவமழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ஈர வேலைக்குத் தையிலிருந்து சித்திரை வரை வைத்துக்கொண்டு, மழை மாதங்களை மரம் செய்யவும் வீடு வெட்டவும் விடுங்கள். மழையில் பூசியே ஆக வேண்டுமென்றால் மின்விசிறியின் கீழே காயவிடுங்கள். கடும் வெயிலில் பலகையை வைத்தால் வளையும். பிளாஸ்டர் காய்ந்ததா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள்: குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. அதன் மேல் வண்ணம் பூசினால் பூஞ்சை வரும்.

இடி மின்னலின்போது, ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் கன்ட்ரோலரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

கறையான், எறும்பு?

தண்ணீர் தாங்கும் பிளைவுட், சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி, காலுக்கு அடியில் எண்ணெய்க் கிண்ணம். வாரம் ஒரு முறை அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

கூரை ஒழுகி லேஅவுட் நனைந்துவிட்டது. எல்லாம் போச்சா?

எல்லாம் போயிருக்காது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் கூரையிலும் ஓடுகள் பறந்தன. லேஅவுட்டின் ஒரு பக்கம் இரவெல்லாம் நனைந்தது. கரண்ட் வர நாளாயிற்று. அந்த நாட்களில் வீடு, விளை, அக்கம்பக்கம் என்று செய்ய வேண்டியது நிறைய இருந்தது, மேஜை கடைசியாகத்தான் வந்தது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

திரும்ப எடுக்கும்போது இந்த வரிசையில் பாருங்கள். மின் இணைப்பு எதையும் கொடுக்காதீர்கள். என்ஜினையும் பெட்டிகளையும் எடுத்துத் துடைத்துக் காயவையுங்கள். மரங்களையும் வீடுகளையும் பிடுங்கி ஒரு பெட்டியில் சேருங்கள், இவை பெரும்பாலும் பிழைக்கும். தெர்மாகோலுக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. ஊறிய காகிதமும் பிளாஸ்டரும்தான் கழன்று வரும், வந்தால் விட்டுவிடுங்கள். பிளைவுட் அடுக்கு பிரிந்து உப்பியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வையுங்கள். துண்டு துண்டாகச் செய்திருந்தால் நஷ்டம் அந்தத் துண்டோடு போகும்.

எங்கள் பலகையில் நனைந்த இடத்தில் முன்பு ரப்பர் விளை இருந்தது. அதைத் திரும்பச் செய்தபோது ஒரு மூலையில் வேரோடு சாய்ந்த மரங்களை அப்படியே வைத்தேன், பக்கத்தில் முறிந்த வாழைகளும். பார்க்க வரும் ஊர்க்காரர்கள் அந்த மூலையில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள், தங்கள் விளையில் எத்தனை போனது என்று சொல்கிறார்கள். ஊர் பட்ட அடியும் நிலக்காட்சியில் இருக்கலாம் என்று நான் நம்புகிறேன்.

"இந்த வயசுல பொம்மை ரயிலா" என்கிறார்கள் வீட்டில்.

பேசி ஜெயிக்க முயல வேண்டாம். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். எங்கள் மைனி (அண்ணி) முதலில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தோவாளைப் பூச்சந்தை செய்யும்போது பூக்கூடைக்கு நூல் நிறம் கேட்டேன். இப்போது சந்தை முழுக்க அவர்கள் பொறுப்பு. பாட்டாமார் இருக்கும் வீடென்றால் இன்னும் நல்லது. 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு முதன்முதலாக ரயில் வந்ததையும், 1981-ல் திருநெல்வேலிப் பாதை திறந்ததையும் கண்ணால் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நிலையம் அன்று எப்படி இருந்தது, சுற்றிலும் என்ன நின்றது என்று கேளுங்கள். படத்தில் கிடைக்காத விவரம் அவர்களிடம் கிடைக்கும்.

நீராவி என்ஜின், மீட்டர் கேஜ் வைக்கலாமா?

உங்கள் மேஜை, உங்கள் விருப்பம். ஆனால் குமரி மாவட்டம் என்று சொல்லிக்கொண்டு மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) வைத்தால் பொருந்தாது. இங்கே பாதை வந்ததே பிராட் கேஜாகத்தான். மீட்டர் கேஜ் ஆசை இருந்தால் பழைய செங்கோட்டை–கொல்லம் மலைப் பாதையைச் செய்யுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பின்னணியில் வைக்க முடியுமா?

முழு அளவில் கடினம். வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகும் இந்தத் தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி. எச்ஓவில் தூண் 40 சென்டிமீட்டர் வரும், நீளமும் மேஜையில் அடங்காது. அதனால் பின்னணியில் ‘என்’ ஸ்கேலில் நாலைந்து தூண் மட்டும், 22 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, இரு முனைகளையும் மரங்களுக்குள் மறைத்துவிடுங்கள். சிறியதாக இருப்பதால் தூரத்தில் இருப்பது போலவே தெரியும். காற்றாலைக்கும் இதே உபாயம். 50 மீட்டர் கோபுரம் எச்ஓவில் 57 சென்டிமீட்டர்; பின்னால் போகப் போக உயரத்தைக் குறைத்து, நிறத்தையும் வெளிறச் செய்தால் கணவாய் நீண்டு தெரியும்.

செலவு?

என்ஜினுக்கும் டிராக்குக்கும்தான் பணம் போகும். சீனரிக்குப் பசை, பிளாஸ்டர், வண்ணம், தெர்மாகோல் இவை மட்டும் காசு கொடுத்து வாங்குவது. பணம் இறுக்கமான மாதங்களில் சீனரி செய்யுங்கள், என்ஜின் காத்திருக்கும்.

ஒரு வருஷமாகத் தொடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தூசியிலிருந்து. மென்மையான பெயின்ட் பிரஷால் மரங்களைத் தட்டி, வேக்யூம் முனையில் பழைய சாக்ஸ் கட்டி உறிஞ்சுங்கள். கழன்ற சின்னப் பொருட்கள் சாக்ஸில் தங்கும். தண்டவாளத்தைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைக்கவும். கடல் காற்றில் படிந்த கறுப்பு துணியில் வரும், வருவது நிற்கும் வரை துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். பிறகு ஒரு என்ஜினை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், எங்கே தயங்குகிறதோ அங்கே மறுபடி துடையுங்கள். அது முடிந்ததும் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மிகக் குறைந்த வேலை பாக்கியிருக்கும் துண்டை முதலில் எடுத்து முடியுங்கள்.

வாடகை வீடு மாறப்போகிறோம். எப்படி எடுத்துப் போவது?

மரங்களைப் பசை போட்டு நடாமல், அடியில் கம்பி நீட்டிக் குத்தி வைத்திருந்தால் பிடுங்கித் தெர்மாகோல் பலகையில் குத்தி எடுத்துப் போகலாம். இரண்டு பலகை சேரும் இடத்தில் தண்டவாளத்தை அறுத்து, முனைகளைப் பலகையோடு இறுக்கமாகப் பிடிக்கச் செய்து, வயர்களை இணைப்பானில் கழற்றும்படி விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே, சாமான் கட்டும் அவசரம் வருவதற்கு முன், அதைச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், சீனரிப் பக்கம் எதிரெதிராக வைத்து, நான்கு மூலையிலும் தென்னை உயரத்தைவிடக் கூடுதலான கட்டை கொடுத்துத் திருகுங்கள். டெம்போவில் கடைசியாக ஏற்றி, முதலில் இறக்குங்கள்.